சிவப்பு லேபிள் ஒட்டிய போன்கள்

போன மாதம் ஒரு பாலிடெக்னிக்கில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். செல்போன் பழுது பார்த்தே தலை நரைத்தவள் என்பதைத் தவிர மேடையேற எனக்கு வேறு தகுதி கிடையாது. எனக்கு முன்னால் ஒரு கம்பெனி அதிகாரி பேசினார். திரையில் பெரிய வட்டம் ஒன்றைக் காட்டினார். வட்டத்தைச் சுற்றிலும் அம்புக்குறிகள். சாமானை நீண்ட நாள் வைத்துக்கொள், பழுதானால் சரி செய், முடியாவிட்டால் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் போடு, எல்லாம் முடிந்த பிறகுதான் உருக்கு. இதற்குப் பெயர் சுழற்சிப் பொருளாதாரமாம். இந்தக் காலத்தின் புதுச் சிந்தனையாம். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

என் முறை வந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து மரியாதையாகக் கேட்டாள்: "மேடம், உங்க காலத்துல இந்த மாதிரி யோசனையெல்லாம் யாருக்கும் இருந்திருக்காது இல்லீங்களா?"

"இருந்துச்சும்மா. அப்படி யோசிச்சவங்க கையில ட்ரில்லக் குடுத்து, போர்டுல ஓட்டை போடச் சொன்னாங்க" என்றேன்.

அரங்கமே சிரித்தது. நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள். கொடுத்த பத்து நிமிடத்தில் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. மேடையில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் உடையார்பாளையம் பக்கம். ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படிப்பில் சேர்ந்தபோது வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்துச் சில காலம் சும்மா இருந்தேன். பிறகு ஜெயங்கொண்டத்தில் ஒரு கடையில் டி.வி.யும் டேப்ரிக்கார்டரும் பழுது பார்த்தேன். முந்திரி அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாதங்களில் கடையில் நிற்க இடம் இருக்காது. கறுப்பு வெள்ளை டி.வி.யை மூன்றாவது தடவை தூக்கிக்கொண்டு வருகிறவர்கூட அதைத் தூக்கிப்போடுவதைப் பற்றி நினைக்க மாட்டார். சாமான் என்றால் பழுதாகும், பழுதானால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

செல்போன் நம் பக்கம் வரத் தொடங்கிய புதிதில் ஜமால் பாய் அரபு நாட்டிலிருந்து திரும்பி வந்தார். அங்கே சம்பாதித்ததைப் போட்டு, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கம்பெனியின் அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரை எடுத்தார். எங்கள் கடை முதலாளி என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பாயே வந்து பார்த்தார். "தங்கச்சி, டி.வி. பாக்குற கை போனையும் பாக்கும். வந்துடும்மா" என்றார். கம்பெனி செலவில் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே எங்களுக்கு ஆசிரியராக வந்தவர் வரதன் சார்.

அவரைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். மெலிந்த மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். மேஜையில் வெள்ளைக் கைக்குட்டையை விரித்து, அதன்மேல்தான் போனைப் பிரிப்பார். கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்குவார். பேட்டரியை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக முள் வைத்த மீட்டர் பொருத்திய பவர் சப்ளையிலிருந்து போனுக்கு மின்சாரம் கொடுப்பார். பிறகு ஆன் பட்டனை அழுத்தச் சொல்வார்.

"முள்ளைப் பாரு, தமிழ். அழுத்துறதுக்கு முன்னாடியே ஏறி நின்னா எங்கயோ ஷார்ட். அழுத்துனாலும் அசையலன்னா மின்சாரம் உள்ளயே போகல. ஏறி, இறங்கி, மறுபடி ஏறுனா போன் எந்திரிக்கப் பாக்குது, ஏதோ ஒண்ணு தடுக்குது. போர்டு செத்துப்போச்சுன்னு கஸ்டமர் சொல்லலாம். கடைக்காரன் சொல்லலாம். நீ சொல்லக் கூடாது. முள்ளு சொல்லணும்."

என் பெயர் தமிழரசி. அவர் சுருக்கித் தமிழ் என்பார். தண்ணீரில் விழுந்த போனின் போர்டை, அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையை, அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு அதிர வைத்துக் கழுவுவது, மென்மையான பிரஷ்ஷால் பச்சைக் களிம்பைத் தள்ளுவது, சூடான காற்றை வட்டமாகக் காட்டி ஐசி என்கிற சின்னச் சில்லை நோகாமல் தூக்குவது, போர்டில் மின்சாரம் ஓடும் பாதை அறுந்திருந்தால் அங்கே முடியைவிட மெல்லிய கம்பியைப் பற்றவைப்பது எல்லாம் அவர் கற்றுக்கொடுத்ததுதான். நல்ல ஆசிரியர். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. என் கோபமே அங்கேதான் தொடங்குகிறது.

பெரம்பலூருக்குத் திரும்பி வேலையில் உட்கார்ந்ததும் கம்பெனியின் விதிமுறைகள் வந்தன. எங்கள் சென்டரில் ஸ்பீக்கர், மைக், திரை, கீபேட் மாற்றலாம். போர்டில் கை வைக்கக் கூடாது. வாரண்டியில் இருந்தால் போர்டையே மாற்ற வேண்டும். வாரண்டி முடிந்த போன் என்றால், பேட்டரிக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பொட்டைப் பார்க்க வேண்டும். தண்ணீர் பட்டால் அது சிவப்பாகிவிடும். சிவப்பாக இருந்தால் போனைத் திறக்கவே வேண்டாம். 'சரிசெய்ய இயலாதது' என்று சிவப்பு லேபிள் ஒட்டி, பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதுப் போன் வாங்கிக்கொண்டால் தள்ளுபடி உண்டு என்று சொல்ல வேண்டும்.

அப்படிச் சேரும் பழைய போன்களையும், கழற்றிய போர்டுகளையும் என்ன செய்வது? நடுவில் ட்ரில் வைத்து ஓட்டை போட வேண்டும். அதிலிருந்து ஒரு பாகத்தைக்கூட யாரும் எடுத்து வேறு போனில் போட்டுவிடக் கூடாது. ஓட்டை போட்டதற்கு அடையாளமாகப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, மூட்டை கட்டி வைத்தால் கம்பெனியின் கான்ட்ராக்டர் வேன் வந்து எடுத்துப்போகும். மறுசுழற்சிக்குப் போகிறது என்றார்கள். மூட்டை மேல் பச்சை இலை படம் வேறு போட்டிருக்கும்.

எங்களிடம் வந்த போன்கள் எப்படிப்பட்டவை தெரியுமா? அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி டிரைவர்களின் போன்கள். சார்ஜ் செய்யும் துளையில் சுண்ணாம்புத் தூசி வியர்வையோடு கலந்து கல்லாக இறுகியிருக்கும். ஊசியும் பிரஷ்ஷும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும், போன் எழுந்துவிடும். ஆனால் வியர்வை பட்டே அந்த வெள்ளைப் பொட்டு சிவந்துவிடும். வேகாத வெயிலில் உழைப்பவன் சட்டைப்பையில் வைத்திருந்த போன் அது. வேலை செய்து வியர்த்ததற்கு அவனுக்குத் தண்டனை. கீபேட் ரப்பர் மட்டும் கிழிந்து, பொட்டு சிவந்திருந்த ஒரே காரணத்துக்காக ஒரு போனுக்கு நானே ஓட்டை போட்டிருக்கிறேன். ட்ரில் இறங்கும்போது வரும் அந்தக் கருகல் நெடி என் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை.

இதற்கிடையில் வரதன் சாருக்குப் பதவி உயர்வு வந்தது. எங்கள் மண்டலத்துக்கே சர்வீஸ் மேனேஜர் ஆனார். முதல் தடவை பெரம்பலூருக்கு வந்தபோது சந்தோஷமாக எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "எப்படி இருக்கீங்க மேடம்?" என்றார். அன்றோடு தமிழ் போயிற்று, மேடம் வந்தது.

ஒரு மழைக்காலத்தில் கொள்ளிடம் கரை மீறியது. திருமானூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வெள்ளம் வடிந்ததும் ஜனங்கள் போன்களைக் கேரி பேக்கிலும் துண்டிலும் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். சிலர் அரிசி டப்பாவுக்குள் புதைத்துக் கொண்டுவந்தார்கள். வீடே போனவர்கள். சொந்தக்காரர்களோடு பேச அந்த ஒரு போன்தான் கதி. கவுண்டரில் சேறு வழிய வழிய வைத்தார்கள்.

கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. வெள்ளத்துப் போன் எதையும் திறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் சிவப்பு லேபிள். இரண்டு வாரத்தில் அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எக்ஸ்சேஞ்ச் மேளா. வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிறப்புத் தள்ளுபடி. 'பழையதைத் தாருங்கள், பூமியைக் காப்போம்' என்று பேனர். அதாவது, எல்லாம் இழந்து நிற்கிறவனிடம் இருக்கிற ஒன்றையும் வாங்கிக்கொண்டு, மீதிக்குத் தவணை போட்டு அவன் தலையில் கட்டுவது.

வெள்ளத்துப் போனோடு கடைக்கு வந்த கூட்டத்தில் ஒருவர்தான் மரகதம். திருமானூருக்குப் பக்கத்தில் கிராம சுகாதார நர்ஸ். வெள்ளத்தில் ஒரு கர்ப்பிணியைப் பரிசலில் ஏற்றும்போது போன் தண்ணீருக்குள் விழுந்திருக்கிறது.

"அக்கா, என் ஏரியாவுல ஆறு ஏழு பொண்ணுங்க மாசமா இருக்காங்க. வலி வந்தா எனக்குத்தான் போன் அடிப்பாங்க. எப்படியாச்சும் பாத்துக் குடுங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உத்தரவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. திறந்தேன். ஷீல்டு தகட்டுக்கு அடியில் வண்டல். தொட்டியில் போட்டுக் கழுவினேன். காய வைத்தேன். மீட்டரில் மாட்டி அழுத்தினேன். முள் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. உயிர் இருந்தது. சார்ஜிங் ஐசிக்குப் பக்கத்தில் ஒரு பாதை அரித்துப்போயிருந்தது. அதைச் சரி செய்ய வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் வரதன் சார் உள்ளே வந்தார். என் பின்னால் நின்று முள்ளைப் பார்த்தார். அது என்ன சொல்கிறது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"லேபிள் போடுங்க மேடம்" என்றார்.

"சார், இது எந்திரிக்குது சார்."

"லேபிள் போடுங்க."

ஜமால் பாயின் கடைக்கு ஆபத்து வரக் கூடாதே என்று லேபிளை ஒட்டி, போனை என் டிராயரில் வைத்தேன். ஓட்டை போடவில்லை. மரகதத்திடம் மேளாவுக்கு வரும்படி சொல்லி அனுப்பினார்கள்.

அதற்கு அடுத்த நாளோ என்னவோ, ஒரு லாரி டிரைவர் வந்தார். போன் பழுது பார்க்க வரவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலைந்து போர்டுகளை எடுத்து மேஜையில் போட்டார். நடுவில் ஓட்டை. ஓரம் கருகியிருந்தது. இரண்டில் எங்கள் கடை ஸ்டிக்கர்.

"அரியலூர்லேந்து போற வழியில ஒரு பழைய மைன்ஸ் பள்ளம் இருக்குங்க. அங்கதான் வண்டி கழுவுவோம். இப்ப அங்க நிக்க முடியல, அவ்ளோ பொகை. கெடக்கறத எடுத்துப் பாத்தா ஒங்க கடை பேரு போட்டிருக்கு. என்னங்க பண்றீங்க நீங்க?"

ஜமால் பாயைப் பார்த்தேன். அவர் பைக் சாவியை எடுத்தார்.

அந்தப் பள்ளம் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்டது. சுற்றிலும் வெள்ளைச் சுவர் போலப் பாறை. அடியில் மழைத் தண்ணீர் பச்சையாகத் தேங்கியிருந்தது. கரையில் கல் அடுப்புகளின் மேல் பழைய தகரம். தகரத்தின் மேல் போர்டுகளை அடுக்கிக் கீழே தீ மூட்டியிருந்தார்கள். ஈயம் இளகியதும் இடுக்கியால் போர்டை எடுத்துக் கல்லில் ஒரு தட்டு தட்டினால் ஐசிகள் உதிர்ந்து விழும். ஒயர்களும் ரப்பரும் தனியாக ஒரு குவியலில் எரிந்துகொண்டிருந்தன. உள்ளிருக்கும் தாமிரத்துக்காக. சற்றுத் தள்ளித் திராவக டிரம்கள். தங்கமுலாம் பூசிய பாகங்களை அதில் ஊறப்போட்டு, மிஞ்சியதை அந்தத் தண்ணீரிலேயே கொட்டியிருந்தார்கள். தண்ணீர் ஓரம் மஞ்சளாக நுரைத்துக் கிடந்தது.

அங்கே வேலை செய்த பெண்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். பெயர் அஞ்சலை. புடவைத் தலைப்பால் வாயையும் மூக்கையும் கட்டியிருந்தாள். பேசுவதற்காக அதை இறக்கியதும் இருமல் வந்துவிட்டது. இருமி முடிக்கும் வரை நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

"யாருங்க? போட்டோ புடிக்க வந்தீங்களா?"

"இல்லம்மா. இதெல்லாம் யாரு குடுக்கறது?"

"கான்ட்ராக்டர் வேன்ல வருதுங்க. எதுக்குக் கேக்கறீங்க? கெட்டுப்போன போனுதான?"

ஜமால் பாய் குனிந்து ஒரு மூட்டையின் வாயைப் பிரித்தார். பச்சை இலை போட்ட அதே மூட்டை. வேறு ஏதோ ஊரில் நடந்த மேளாவில் சேர்ந்தவை போலிருக்கிறது. ஓட்டைகூடப் போடவில்லை. ஒவ்வொன்றிலும் சிவப்பு லேபிள் மட்டும். நான் ஒன்றை எடுத்துப் பட்டனை அழுத்திப் பிடித்தேன். திரையில் வெளிச்சம் வந்தது. கம்பெனியின் வரவேற்பு இசை அந்தப் பள்ளத்துக்குள் கணீரென்று கேட்டது.

அஞ்சலை ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "அய்யய்யோ, உசுரோட இருக்கு!" என்றாள்.

உசுரோடதான் இருந்தது. மூட்டைக்குள் கையை விட்டு இன்னொன்றை எடுத்தேன். அதுவும் எழுந்தது. மூன்றாவது எழவில்லை. நான்காவது எழுந்தது. ஐந்தாவதைத் தொட எனக்குக் கை வரவில்லை. ஜமால் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யா அல்லா, எரிக்கறதுக்கா வாங்குனாங்க" என்றார்.

"இந்தத் தண்ணியக் குடிச்சு ஆட்டுக்குட்டிங்க செத்துருச்சு. நாங்க குடிக்கறது இல்லீங்க, பாத்திரம் கழுவறதோட சரி" என்றாள் அஞ்சலை. அதை ஏதோ ஜாக்கிரதையாக இருப்பதாகச் சொன்னாள்.

மறுமுறை வரதன் சார் வந்தபோது அவர் மேஜையில் விரித்த வெள்ளைக் கைக்குட்டையின் மேல் அந்தக் கருகிய போர்டுகளை வைத்தேன். பார்த்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கான்ட்ராக்டர் சர்டிஃபிகேட் குடுத்திருக்காரு மேடம். முறைப்படி அழிச்சாச்சுன்னு. அதோட நம்ம வேலை முடிஞ்சுது."

"அந்தம்மா நெஞ்சுல பொகை போயிட்டிருக்கு சார். நல்ல போனை எரிக்கறாங்க."

"மார்க்கெட்ல பழைய போன் சுத்திக்கிட்டே இருந்தா புதுசை யாரு வாங்குவா? நீங்க ஒரு போனை எழுப்புனா, கம்பெனிக்கு ஒரு போன் விக்கல. அவ்வளவுதான் கணக்கு."

"முள்ளு சொல்லணும்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க?"

"அது டெக்னீஷியனுக்குச் சொன்னது. இப்ப நான் பேசறது வியாபாரம்" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கைக்குட்டையில் படிந்த கரியைப் பார்த்துவிட்டு அதை அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மேளா நாள் வந்தது. அதற்குள் மரகதத்தின் போனை முழுதாகச் சரி செய்து பையில் வைத்திருந்தேன். மண்டபத்தில் பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி எல்லாம் இருந்தது. ஒரு பக்கம் வரிசையாகப் புதுப் போன்கள். இன்னொரு பக்கம் பழையதைப் போட ஆள் உயரப் பெட்டி, பச்சை இலையோடு. நடுவில் கவுண்டரில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொரு போனையும் வாங்கிப் பார்த்து, "இது சரிவராதுங்க" என்று நான் சொல்ல வேண்டும். டெக்னீஷியன் சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள் என்பதற்காக. நானும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருந்தேன்: நான் சொன்னால் நம்புவார்கள்.

வரிசையில் மரகதத்தின் முறை வந்தது. தவணைக்குக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபடி கேட்டார்: "அக்கா, நெசமாவே அது செத்துருச்சா?"

வரதன் சார் எனக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றேன். "நீங்க கொண்டாந்த அன்னைக்கே எந்திரிச்சிருச்சு."

பையிலிருந்து போனை எடுத்து, சிவப்பு லேபிளை உரித்து, அவர் கையில் கொடுத்தேன். சிம்மைப் போட்டு ஆன் செய்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது. மாசமாக இருந்த பெண் ஒருத்தியின் மாமியார். "எத்தனை நாளா அடிக்கறேன், எங்கம்மா போன நீ?" என்று கத்தியது பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டது.

அதோடு வரிசை கலைந்தது. "என்னோடதையும் பாருங்கக்கா", "ஏங்க, அப்ப எங்களுதும் செத்துருச்சுன்னு சொன்னது பொய்யா?" என்று கவுண்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். பெட்டிக்குள் போட்டதைத் திரும்ப எடுக்க ஒரு பெரியவர் தலைகீழாக உள்ளே தொங்கினார். நான் நாற்காலி மேல் ஏறி நின்று சொன்னேன்: "எல்லாம் பொழைக்கும்னு நான் சொல்லல. சிலது நெசமாவே போயிருக்கும். ஆனா தொறந்து பாக்காம யாரும் சொல்லக் கூடாது. பெரம்பலூருக்குக் கொண்டு வாங்க, தொறந்து பாத்துட்டுச் சொல்றேன்."

வரதன் சார் மைக்கை நிறுத்தச் சொன்னார். அவ்வளவுதான் செய்தார்.

அடுத்த மாதமே ஜமால் பாயின் அங்கீகாரத்தை ரத்து செய்துவிட்டார்கள். வாசலில் இருந்த கம்பெனி பெயர்ப்பலகையைக் கழற்ற வரதன் சாரே வந்தார். ஆள் ஏணியில் ஏறிக் கழற்றிக்கொண்டிருந்தான். இவர் என் மேஜைக்கு வந்து, யாருக்கும் கேட்காமல் மெதுவாகக் கேட்டார்: "அந்த நர்ஸ் போன்ல எது போயிருந்துச்சு? சார்ஜிங் ஐசியா?"

அந்த மனிதரின் மேல் எனக்கு அதுவரை வராத ஆத்திரம் அப்போதுதான் வந்தது. தெரியாதவன் செய்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். இவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொள்ளும் ஆசைகூட இன்னும் போகவில்லை. அதை வைத்துக்கொண்டே ட்ரில்லைக் கையில் கொடுத்தவர்.

"சிவப்பு லேபிள் ஒட்டிட்டா எது போயிருந்தா என்ன சார்?" என்றேன். ஏணிப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

ஜமால் பாய் வெறும் சுவரை அண்ணாந்து பார்த்தார். "போவட்டும்மா. சோறு போடறவன் அல்லா, அந்தக் கம்பெனி இல்ல. வெள்ளத்துப் போனுங்க வந்து குமிஞ்சு கெடக்கு பாரு, வேலையப் பாரு" என்றார்.

வேலையைப் பார்த்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் எழுந்தன. ஆனால் கம்பெனி எங்களுக்கு உதிரி பாகம் விற்க மறுத்தது. ஒரு திரை, ஒரு ஸ்பீக்கர், அவர்கள் போனில் மட்டும் இருக்கும் விசேஷத் திருகாணிகூடக் கிடையாது. அதனால் நிஜமாகவே செத்த போன்களை ஜனங்களிடம் காசு கொடுத்து வாங்கி, அதன் திரையை இதற்கும் இதன் மைக்கை அதற்கும் போட்டோம். இதற்கு எங்களைப் போலி பாகம் போடுகிறவர்கள் என்று அவர்கள் ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். அவர்கள் செய்த பாகம்தான், அவர்கள் போனிலிருந்துதான் எடுத்தோம். அது எப்படிப் போலியாகும் என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை. இப்போது அதே வேலையைத்தான் வட்டம் போட்டுத் திரையில் காட்டுகிறார்கள்.

பள்ளத்தைப் பற்றிப் பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். அப்போது அரியலூரும் பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்துதான் இருந்தது. விசாரிக்க ஆள் வருவதற்கு முன்னால் கான்ட்ராக்டர் லாரி வைத்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வேறு எங்கேயோ போய்விட்டான். தகரமும் சாம்பலும் மட்டும் மிச்சம். ஆடுகள் குடிக்கும் தண்ணீர் மட்டும் அப்படியே.

ஒரு நாள் அஞ்சலை கடைக்கே வந்துவிட்டாள். வாசலில் நின்று கத்தினாள்.

"மனு குடுத்தது நீதான? எங்க பொழப்பக் கெடுத்துட்டியே! அவன் போயிட்டான், நான் எங்க போவ? நீ வந்து எங்க வூட்டுல ஒல வெப்பியா?"

கடைக்கு வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கம்பெனிக்காரனுக்குச் சர்டிஃபிகேட் இருந்தது. கான்ட்ராக்டருக்கு லாரி இருந்தது. நஷ்டமெல்லாம் போய் விழுந்தது இவள் தலையில். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினாள். ஜமால் பாய் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சில வாரம் கழித்து மறுபடி வந்தாள். தோளில் ஒரு சாக்கு. தரையில் கொட்டினாள். பள்ளத்தில் அவள் பங்குக்கு வந்து, எரிக்காமல் வீட்டில் கிடந்த போன்கள்.

"எரிக்கல. நெருப்புக்கிட்டப் போவக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நீ எடுத்துக்குவியா?"

எடுத்துக்கொண்டோம். அவளையும்தான். பாகம் கழற்றும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. முதல் நாள் பழக்கதோஷத்தில் போர்டைக் கல்லில் தட்டுவது போல மேஜையில் தட்டினாள். நான் பிடித்து நிறுத்தினேன். திருகாணியைக் கழற்றக் கற்றுக்கொண்டாள். நல்ல திரையைத் துணியில் சுற்றிவைக்கக் கற்றுக்கொண்டாள். எங்களுக்கு அவள் வேலை வேண்டியிருந்தது, அவளுக்கு எங்கள் கூலி வேண்டியிருந்தது. ஆனால் மனு விஷயத்தில் அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அரியலூர் தனி மாவட்டமான சமயம் என்று நினைக்கிறேன். அஞ்சலைக்கு ஒரு போன் கொடுக்க வேண்டும் என்று ஜமால் பாய்க்குத் தோன்றியது. அவள் கழற்றிய பாகங்களை வைத்தே ஒன்றைப் பொருத்தினேன். மேல் கூடு நீலம், பின்பக்கம் கறுப்பு, பட்டன்கள் வேறு எதிலிருந்தோ. ஒரு சிம் வாங்கிப் போட்டுக் கொடுத்தார் பாய். எத்தனையோ போனைத் தீயில் போட்டவள், சொந்தமாக ஒரு போனைக் கையில் பிடித்தது அன்றுதான். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருக்கும்மா மொதல்ல பேசப் போற?" என்று பாய் கேட்டார். திருப்பூரில் வேலை செய்யும் மகளுக்குப் பேசுவாள் என்று நினைத்தோம்.

அவள் ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தேடி அழுத்தினாள். சாமான் எரித்து முடிந்ததும் சொல்வதற்காக, முன்பெல்லாம் ஒரு ரூபாய் காயின் போட்டுக் கான்ட்ராக்டரிடம் பேசிய எண்ணாம். மனப்பாடமாக இருந்தது. எதிர்ப்பக்கம் எடுத்ததும் எழுந்து நின்றுகொண்டாள்.

"நான் அஞ்சலை பேசறேன்டா. பள்ளத்து அஞ்சலை. கெட்டுப்போனது, எரிச்சா ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னியே. அத்தனையும் உசுரோட இருந்துச்சுடா. இப்ப அதுலதான் பேசறேன். என் நெஞ்சுக்கு நீ என்னடா பதில் சொல்ற?"

மறுபக்கம் துண்டித்துவிட்டான்.

அஞ்சலை போனைக் காதிலிருந்து எடுத்து, எப்படி மறுபடி கூப்பிடுவது என்று என்னைக் கேட்டாள். பச்சைப் பட்டனைக் காட்டினேன். அழுத்திவிட்டு, நின்றபடியே காத்திருந்தாள்.